வரையும் வரையின்மையும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், விடுதியில் இடம் கிடைக்காத தமிழ் மாணவர் அறுவர் சேர்ந்து தில்லி முனிர்க்காவில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். ஐவர் இந்நகருக்குப் புதியவர்கள். என் தந்தையார் இரயில்வேயில் வேலை பார்த்தமையால் நான் நாகபுரியில் வளர்ந்தவன். ஆதலால் எங்களுள் இந்தி படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. குடிபுகுந்த மூன்றாம் நாள் கதவிடுக்கில் ஒரு துண்டு விளம்பரம் செருகப்பட்டிருந்தது. பிராட்பேண்டு இணைப்புத் தரும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் அது. நடுவில் ‘200’ என்ற எண் தாளின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தது.

“அண்ணே, என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டார் தூத்துக்குடித் தம்பி.

“இருநூறு மெகாபிட் வேகம். எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆறு மாதப் பணத்தை முன்னால் கட்டினால் ரூட்டர் இலவசம்” என்று படித்துச் சொன்னேன். தலைக்கு ரூ.700 போட்டு ரூ.4,200 கட்டினோம்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இருநூறு என்னும் எண்ணுக்கு அடுத்து, எண்ணின் காற்பங்கு உயரம் கூட இல்லாத எழுத்தில், ‘தக்’ என்றோர் இந்திச் சொல் நிற்கிறது. ‘வரை’ என்பது அதன் பொருள். அதாவது, இருநூறு வரை. அச்சொல்லை நான் அன்றே கண்டேன். ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பொருளற்ற ஓர் ஒட்டுச் சொல்லாகத் தோன்றியதால் மொழிபெயர்க்கும்போது தானே உதிர்ந்துவிட்டது. ஆகவே, நிறுவனம் பொய் சொல்லவில்லை. ஐந்து தம்பியரிடம் பொய் சொன்னவன் நான்தான். இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு அந்த உறுத்தலே காரணம்.

‘வரை’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் மலை என்ற பொருள் உண்டு. எல்லை என்பதும் ஒரு பொருள். வரைதல் என்றால் எழுதுதல்; திருமணம் செய்துகொள்ளுதலும் வரைதலே. இவ்வளவு பெருமை வாய்ந்த சொல்லை இன்றைய விளம்பரக்காரர்கள் ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிவிட்டனர். வேடிக்கை என்னவெனில், அதே தாளில் ‘வரையற்ற’ என்ற சொல்லும் உண்டு. ‘அன்லிமிடெட்’ என்பதற்குத் தமிழ் அதுதானே! வேகத்துக்கு வரை, அளவுக்கு வரையின்மை. எல்லை உண்டு என்பதைச் சிறிய எழுத்திலும், எல்லை இல்லை என்பதைப் பெரிய எழுத்திலும் அச்சிட்டிருக்கின்றனர். இவ்விரு சொற்களுக்கும் உண்மையான பொருள் என்ன, அப்பொருளை யார் வகுக்கின்றனர், யார் காக்கின்றனர் என்பதே நாம் ஆராயப் புகும் செய்தி.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குத் தூத்துக்குடித் தம்பிக்கு ஜெர்மானிய ஆய்வகம் ஒன்றுடன் இணையவழி நேர்காணல் இருந்தது. பேராசிரியர் முதற் கேள்வியைக் கேட்டார். படம் உறைந்துவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்தது. தம்பி தம் கைப்பேசி இணைப்புக்கு மாறினார். அன்றைய ஒன்றரை ஜிகாபைட்டை மாலையிலேயே ஏதோ பதிவிறக்கம் தின்று தீர்த்திருந்தது. இறுதியில் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றபடி பேசி முடித்தார். அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இணைப்பு நன்றாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. கிடைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. தம்பி என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “இருநூறு என்று சொன்னீர்களே, அண்ணே” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முதல் அளக்கத் தொடங்கினேன். இயற்பியல் மாணவனுக்கு வேறு என்ன தெரியும்? முதலில் வைஃபை வழியே அளந்தேன். பிறகு அது முறையன்று என்று உணர்ந்தேன். சுவர்களும் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் வைஃபையைக் குறைக்கும். அக்குறைக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ஆகவே ரூட்டரிலிருந்து நேரே கம்பி இழுத்துக் கணினியில் செருகிப் பத்து நாட்கள் அளந்தேன். பின்னிரவு மூன்று மணிக்கு 180-க்கு மேல் வந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு நாள் 11, ஒரு நாள் 30, மற்ற நாட்களில் இவற்றுக்கு இடைப்பட்டவை. நாங்கள் விழித்திருக்கும் நேரத்தில் இருபது. உறங்கும் நேரத்தில் இருநூறு!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்புகளில் பரவலாக உள்ள ஜி-பான் என்னும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியிலே பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்லும். அந்த ஓர் இழையின் இறங்குதிறன் நொடிக்குச் சுமார் 2,488 மெகாபிட். அறுபத்து நான்கு வீட்டாரும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தால் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 39. நிலையத்துக்கு அப்பால் நிறுவனம் வாங்கிவைத்திருக்கும் திறன் குறைவாக இருந்தால் இதுவும் கிடைக்காது. இவ்வாறு பகிர்ந்தளிப்பது குற்றமா எனில், அன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் குடியிருப்புகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகின்றனர். பகிர்வு இல்லாவிடில் இவ்விலைக்கு இணையமே கிடைக்காது. எத்தனை பேருக்குப் பகிர்வு, நெருக்கடி நேரத்தில் எவ்வளவு கிட்டும் என்பவற்றைச் சொல்லாமல், யாரும் பயன்படுத்தாத நேரத்து உச்சத்தை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போடுவதே குற்றம்.

நம் ஊரில் பால்காரர் வந்து, “மாதம் இவ்வளவு பணம், நாள்தோறும் ஒரு லிட்டர் வரை ஊற்றுவேன்” என்று சொன்னால் நம் தாய்மார் ஒப்புவார்களா? செம்பைத் திருப்பி வீட்டுக்குள் எடுத்துச் செல்வார்கள்! பாலுக்கு முத்திரையிட்ட அளவை உண்டு. துணிக்கு மீட்டர்க்கோல் உண்டு. மெகாபிட்டுக்கு மட்டும் ‘வரை’ போதும் என்று நாம் எப்படி ஒப்புக்கொண்டோம்?

மெகாபிட் என்ற அலகிலேயே ஒரு பொடி இருக்கிறது. வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றனர். அளவை ஜிகாபைட்டில் சொல்கின்றனர். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலால் இருநூறு மெகாபிட் என்பது நொடிக்கு 25 மெகாபைட்தான். இதனை அறிவியல் பயிலாத நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் தரும் கைப்பேசித் திட்டத்தை ‘நொடிக்கு 100 மெகாபிட்’ வேகத்தில் பயன்படுத்தினால் அது இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருபது மெகாபிட் வேகத்தில்கூடப் பத்து நிமிடம்தான். அதன்பின் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும் என்று பல திட்டங்களின் அடிக்குறிப்பு கூறும். அவ்வேகத்தில் ஒரு மெகாபைட் இறங்க 125 நொடி ஆகும். மூன்று மெகாபைட் உள்ள ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இதற்குத்தான் ‘அன்லிமிடெட்’ என்று பெயர். சொட்டுச் சொட்டாக வடியும் குழாயும் நிற்காத குழாய்தான்!

நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 2016 அக்டோபரில் அது ஓர் ஆணை பிறப்பித்தது. பிராட்பேண்டு விளம்பரங்களில் எந்த அளவு வரை எந்த வேகம், அதற்குப்பின் எந்த வேகம் என்பதைக் கூற வேண்டும். வீட்டு இணைப்புகளில் அளவு தீர்ந்தபின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கலாகாது என்றது. பிராட்பேண்டு என்ற சொல்லுக்கே அரசு வகுத்த குறைந்த அளவு காலந்தோறும் மாறியிருக்கிறது. 2004-இல் 256 கிலோபிட். 2013-இல் 512 கிலோபிட். 2023 ஜனவரியில் 2 மெகாபிட். பெயருக்கு அளவு வகுக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. ‘பிராட்பேண்டு’ என்னும் சொல்லுக்கு எண் உண்டு எனின் ‘வரை’ என்னும் சொல்லுக்கு ஏன் எண் வகுக்கலாகாது?

நிற்க. வரையின்மை அளவோடு நிற்கவில்லை, காலத்துக்கும் பரவிற்று. 2005-ஆம் ஆண்டு இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் ‘வாழ்நாள் முழுதும்’ என்ற திட்டங்கள் வந்தன. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுதும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் என்றனர். மதுரையில் என் தாய்மாமன் இப்படி ஒன்று வாங்கினார். “நான் போனபின் உனக்கு எழுதிவைக்கிறேன்” என்று என்னிடம் வேடிக்கையாகச் சொல்வார். யாருடைய வாழ்நாள்? அவருடையதா, நிறுவனத்தினுடையதா? இக்கேள்வி 2006-இல் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னும் வந்தது. நிறுவனத்துக்கு உரிமம் இருக்கும்வரையில் அத்திட்டமும் இருக்க வேண்டும்; அந்த உரிமம் என்று முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆணையத்தின் முடிவு. எனவே, ‘வாழ்நாள்’ என்றால் உரிமத்தின் வாழ்நாள்! 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள் 28 நாளைக்கு ஒரு முறை குறைந்தது ரூ.35 ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற முறையைப் புகுத்தின. மாமாவுக்கும் குறுஞ்செய்தி வந்தது. அவர் நலமாகத்தான் இருந்தார், வாழ்நாள்தான் முடிந்துவிட்டது. நிறுவனங்களின் ஆயுளும் நெடியதன்று. 1999-இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனுக் கொடுத்ததையும், நம் வீட்டார் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் அலைந்ததையும் நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

‘மாதம்’ என்ற சொல்லும் தப்பவில்லை. இருபத்தெட்டு நாள் ஒரு மாதம் என்று வழக்கப்படுத்திவிட்டனர். பன்னிரண்டு மாதம் கொண்ட ஆண்டில் நாம் பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. மக்களின் முறையீடுகளுக்குப் பின், 2022 ஜனவரியில் டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டங்களையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டங்களையும் வகைக்கு ஒன்றேனும் தர வேண்டும் என்று கட்டளையிட்டது. இத்திட்டங்கள் இன்றும் உண்டு. கேட்டு வாங்குவோர்தாம் குறைவு.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளித்தது 2020-இல் நடந்த ஒரு வழக்கு. ஏர்டெல் ‘பிளாட்டினம்’ என்றும், வோடபோன் ஐடியா ‘ரெட் எக்ஸ்’ என்றும், கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கு விரைவான இணைப்பு என்ற வாக்குறுதியுடன் திட்டங்களை அறிவித்திருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் என்ன தவறு? அதிகப் பணம் கொடுப்பவர் விரைவு வண்டியில் போகிறார். ஆனால் ஒரு டவரின் கீழ் இருக்கும் அலைவரிசை ஒரு வண்டி. அதில் இருக்கைகள் அளவானவை. ஒருவருக்கு முதலிடம் தந்தால், நெருக்கடி நேரத்தில் மற்றொருவர் பின்னுக்குத் தள்ளப்படுவார். ‘உங்களுக்கு விரைவு’ என்று ஒருவரிடம் விளம்பரம் செய்பவர், ‘உங்களுக்குத் தாமதம்’ என்று மற்றவரிடம் விளம்பரம் செய்வதில்லை. டிராய் 2020 ஜூலையில் இத்திட்டங்களை நிறுத்திவைக்கச் சொல்லி, மற்ற வாடிக்கையாளரின் தரம் குறையாது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டது. வோடபோன் ஐடியா தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் சென்று இடைக்காலத் தடை பெற்றது. ஆகஸ்டில் ஆணையம் அந்நிறுவனத்துக்கு விளக்கம் கோரும் அறிவிப்பு அனுப்பியது. விரைவு பற்றிய கூற்று தெளிவற்றது, தவறான எண்ணத்தைத் தருவது என்பது அதன் குற்றச்சாட்டு. ஆணையம் கேட்டது சரியான அறிவியற் கேள்வி. ஆனால் கேட்ட காலத்தைப் பாருங்கள். ரெட் எக்ஸ் வெளிவந்தது 2019 நவம்பரில். எட்டு மாதம் விற்றபின் கேள்வி எழுந்தது.

இத்தாமதம் தற்செயலானது அன்று. முறையின் அமைப்பே அப்படி. கைப்பேசிக் கட்டணங்களை நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளலாம். திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். முதலில் விற்பனை, பிறகு பார்வை.

விளம்பரத்தைக் கவனிக்க வேறு இரண்டு வாயில்காப்போரும் உளர். 1985-இல் தோன்றிய இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்டது. 2015-இல் ஏர்டெல், தன் 4ஜி சேவையே மிக வேகமானது என்றும், வேறொன்று இதைவிட வேகம் என்றால் வாழ்நாள் முழுதும் கைப்பேசிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாகவும் அறைகூவல் விடுத்தது. வேண்டிய குறிப்புகளைச் சொல்லாமையால் இவ்விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று கவுன்சில் முடிவு கூறித் திருத்தச் சொன்னது. அந்த அளவில் நன்றே. எனினும் ஊரெல்லாம் பார்த்து முடித்த விளம்பரத்தைத் திருத்துவது, பந்தி முடிந்தபின் உப்புப் போடுவது போன்றது.

மற்றொன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் அமைந்தது. இதற்குக் கை வலிமை உண்டு. தவறான விளம்பரத்துக்கு முதன்முறை ரூ.10 இலட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். (இங்கும் ஒரு ‘வரை’!) 2022 ஜூனில் வெளியான இதன் வழிகாட்டு நெறிகளை ஒவ்வொரு தமிழ் மாணவரும் அறிந்திருக்க வேண்டும். குறிப்பாக ஒரு விதி: அடிக்குறிப்பு, விளம்பரக் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும், கூற்றின் எழுத்து வடிவிலேயே, கண்ணிற் படும் இடத்தில் இருக்க வேண்டும், கூற்றிலுள்ள பொய்யை அடிக்குறிப்பால் திருத்த முயலலாகாது. ஊருக்குப் போகும்போது நம் நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். ‘வரையற்ற அழைப்புகள்’ என்று தலைப்பு நல்ல தமிழில் இருக்கும். நிபந்தனைகள் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் ஊரும். அழைக்கும்போது தாய்மொழி, கைவிரிக்கும்போது ஆங்கிலம்! எங்கள் முனிர்க்காத் தாளிலும் அப்படியே: ஆசை காட்டியது இந்தியில், நிபந்தனை சொன்னது ஆங்கிலத்தில்.

இந்த ஆணையத்தின் கை எவ்வளவு நீளும் என்பதற்குத் தொலைத்தொடர்புக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு. 2025 ஆகஸ்டில் ராபிடோ என்னும் வாடகை வண்டி நிறுவனத்துக்கு ரூ.10 இலட்சம் தண்டம் விதித்தது. ‘ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் ரூ.50’ என்பது விளம்பரம். நுணுகி நோக்கினால் ‘ரூ.50 வரை’ என்றிருந்தது. அதுவும் பணமாக அன்று, அந்நிறுவனத்தின் செயலியில் மட்டும் செல்லும் நாணயமாக. விளம்பரம் 548 நாட்கள், 120-க்கு மேற்பட்ட நகரங்களில் ஓடியது. தண்டத்தை நாட்களால் வகுத்துப் பார்த்தேன்: நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.1,825. தேநீர்க் கடை வாடகைக்குக் காணுமோ என்னவோ! ஆயினும் அவ்வாணையில் ஒரு நற்கூறு உண்டு. வாக்களித்த ஐம்பது ரூபாய் கிடைக்காத பயணிகளுக்கு அதனைத் திருப்பித் தரவும் ஆணையம் கட்டளையிட்டது. தண்டம் அரசுக்குப் போகும். இழந்தவனுக்கு மீட்பு வேண்டாமா?

தண்டத்தை ஐம்பது மடங்கு உயர்த்தினாலும் ‘வரை’ என்ற சொல்லைத் தண்டிக்க முடியாது என்பது என் கருத்து. அது பொய்யன்று, ஆதலால் பொய்யைத் தண்டிக்கும் சட்டத்தில் எளிதில் சிக்காது. சொல்லை அளக்கத்தக்கதாக மாற்றுவதே வழி. பிரிட்டனில் இதைத்தான் செய்தனர். முன்பு அங்கும் பத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டினால் போதும், அந்த வேகத்தை ‘வரை’ என்று விளம்பரம் செய்யலாம் என்றிருந்தது. 2018 மே 23 முதல், இரவு எட்டு முதல் பத்து மணி வரையுள்ள நெருக்கடி நேரத்தில், குறைந்தது பாதி வாடிக்கையாளருக்குக் கிட்டும் வேகத்தையே, ‘சராசரி’ என்ற பெயருடன் போட வேண்டும் என்று விதித்தனர். ‘வரை’ போயிற்று, நேரமும் பங்கும் வந்தன. எங்கள் வீட்டுத் தாளுக்கு அவ்விதி பொருந்தியிருந்தால், எங்களைப் போன்ற அண்டை வீட்டார் கதையும் இதுவே எனில், பெரிய எழுத்தில் இருபது என்றோ முப்பது என்றோ இருந்திருக்கும். தம்பியும் நேர்காணலுக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருப்பார். இத்தகைய விதி இங்கும் வேண்டும். டிராயின் 2024-ஆம் ஆண்டுத் தர விதிகள், எவ்விடத்தில் எந்தச் சேவை எட்டுகிறது என்னும் வரைபடத்தை நிறுவனங்கள் தம் தளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. இடத்தைச் சொல்லச் செய்தவர்கள் நேரத்தையும் சொல்லச் செய்ய முடியும்.

இனி, எங்கள் முறையீடு என்னாயிற்று என்று கேட்பீர்கள். டிராய் தனி மனிதர் முறையீட்டைக் கேட்பதில்லை; இதனை அறியாமல் நான் ஒரு வாரம் வீணாக்கினேன். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் சொல்லி, முறையீட்டு எண் வாங்க வேண்டும். அவ்வெண் இல்லாவிடில் நாம் பேசியது காற்றோடு போகும். தீர்வு மனநிறைவு தராவிடில் முப்பது நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மையத்தில் எங்களுக்குக் கிடைத்த விடை ஒரே வரி: “விளம்பரத்தில் ‘வரை’ என்று இருக்கிறது.” மேல்முறையீட்டில் பத்து நாள் அளவுகளையும் நேரத்துடன் அட்டவணையாக்கி இணைத்தேன், கம்பி வழியே அளந்தது என்பதையும் குறித்தேன். ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்; பகுதியில் இணைப்புகள் மிகுந்துவிட்டன என்று அவரே சொன்னார். எஞ்சியிருந்த இரண்டு மாதத்துக்கான பணம் ரூ.1,400 திரும்பி வந்தது. கழிந்த நான்கு மாதத்துக்கு ஒன்றும் இல்லை.

அதற்கு மேலும் போயிருக்கலாம். தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் கேட்கலாகாது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் கிருஷ்ணன் வழக்கில் கூறியிருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் நடுவர் முறையே வழி என்றது. இதைக் காட்டியே நிறுவனங்கள் பல ஆண்டுகள் தப்பின. 2022 பிப்ரவரி 16-இல், அஜய்குமார் அகர்வால் வழக்கில், அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அக்கருத்தை மாற்றி, நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. நாம் கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் வழி கேட்கலாம். நாங்கள் போகவில்லை. தேர்வு நெருங்கிவிட்டது, ரூ.2,800-க்காக அலைய மனமில்லை. நம்மைப் போன்றோர் இப்படித்தான் எண்ணுவோம் என்பதை விளம்பரக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவர்.

இவ்வாண்டு விடுதி கிடைக்காமல் வெளியே தங்கும் புதிய மாணவர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இரவு பத்து மணிக்கு இந்தத் தெருவில் எவ்வளவு வரும்? எத்தனை ஜிகாபைட்டுக்குப் பின் வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும்? இடையில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா? எழுத்தில் விடை தராதவருக்கு ஒரு மாதப் பணத்துக்கு மேல் முன்னால் கொடுக்க வேண்டாம். விளம்பரத் தாளை எறியாமல் வைத்திருங்கள், எங்களுக்கு ரூ.1,400 வாங்கித் தந்தவற்றுள் அந்தத் தாளும் ஒன்று. இந்தி தெரியாதோர் தாளைச் சனிக்கிழமை மாலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். நான் இருப்பேன். தூத்துக்குடித் தம்பியும் வருவார். அவர் இப்போது இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறார், முதலில் தேடுவது ‘தக்’ என்ற சொல்லைத்தான்.